மரப்பட்டை ஓவியம் ஏலத்துக்கு வந்தால்: நீங்கள் வாங்குவது என்ன, வாங்க முடியாதது என்ன?

மெல்போர்னிலோ சிட்னியிலோ நடக்கப்போகும் ஓர் ஏலத்தின் கேட்லாக்கை இணையத்தில் புரட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் லேசாக வளைந்த ஒரு மரப்பட்டை. காவி நிறப் பின்னணி. நடுவில் ஒரு பாரமண்டி, அதாவது நம்ம ஊர் கொடுவா மீன். அதன் உடல் முழுக்கத் தலைமுடி அளவு மெல்லிய கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக. கீழே கலைஞரின் பெயர், அளவு, எதிர்பார்க்கும் விலை.

விலை புரிகிறது. ஆனால் எதற்கான விலை அது?

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான அபாரிஜினல் மக்களின் மரப்பட்டை ஓவியத்தைப் பொறுத்தவரை இது சாதாரணக் கேள்வி இல்லை. ஒரே பட்டையின் மேல் மூன்று பேருக்கு மூன்று விதமான உரிமை இருக்கலாம். பட்டை என்கிற பொருள் ஒருவருடையது. அதைப் படமெடுத்து அச்சிடும் காப்பிரைட் இன்னொருவருடையது. அந்த வடிவத்தை வரைகிற உரிமை ஒரு குலத்துக்கே சொந்தம். ஏலத்தில் கைமாறுவது முதலாவது மட்டும்தான். மற்ற இரண்டும் எங்கே இருக்கின்றன, அவற்றுக்கு என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

(மறைந்த பூர்வகுடிக் கலைஞர்களின் பெயர்கள் இதில் வருகின்றன. பல அபாரிஜினல் சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சில காலம் உச்சரிப்பதில்லை. அதனால் ஆஸ்திரேலிய ஊடகங்கள் இப்படி முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம்.)

பட்டை எப்படி ஓவியமாகிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அபாரிஜினல் ஓவியம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது புள்ளி புள்ளியாக இருக்கும் ஓவியம். அது மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தைச் சேர்ந்தது. 1971-ல் பாபுன்யா என்ற குடியிருப்பில் பலகையிலும், பிறகு கேன்வாஸிலும் அக்ரிலிக் வண்ணத்தில் வளர்ந்த மரபு. மரப்பட்டை ஓவியத்தின் முக்கியமான தாய்மண் வேறு. நாட்டின் வடக்கு ஓரத்தில், நார்தர்ன் டெரிட்டரியில் இருக்கும் ஆர்னெம் லேண்ட்.

அங்கே ஸ்ட்ரிங்கிபார்க் என்றொரு யூகலிப்டஸ் வகை மரம் உண்டு. மழைக்காலத்தில் மரத்தில் நீரோட்டம் ஏறும்போதுதான் பட்டை சுலபமாகக் கழன்று வரும். மேலும் கீழும் வளையமாக வெட்டி, நெடுக்காக ஒரு கீறல் போட்டு, உரித்தெடுப்பார்கள். வெளி நாரைச் சீவி, நெருப்பில் வாட்டி, மேலே பாரம் ஏற்றி நாள்கணக்கில் காயவிட்டுத் தட்டையாக்குவார்கள்.

வண்ணங்கள் அடிப்படையில் நான்கு: சிவப்புக் காவி, மஞ்சள் காவி, வெள்ளைக் களிமண், கரியிலோ மாங்கனீஸிலோ எடுத்த கறுப்பு. வண்ணம் ஒட்டிக்கொள்ள முன்பு ஆர்க்கிட் செடியின் சாறு போன்றவற்றைச் சேர்த்தார்கள். இப்போது பெரும்பாலும் பசை. மெல்லிய கோடுகளுக்குச் சில மனிதத் தலைமுடிகளைக் குச்சியில் கட்டிய தூரிகை.

பட்டை எப்போதும் பழையபடி சுருளத்தான் பார்க்கும். அதனால் இரு முனைகளிலும் குச்சி வைத்துக் கட்டிய பட்டைகளை நிறையப் பார்க்கலாம். கேட்லாக் படத்தில் தெரியும் வளைவும் சின்ன விரிசலும் எல்லா நேரமும் குறை ஆகாது. அந்தப் பொருளின் இயல்பே அதுதான்.

இது எப்போது விற்பனைப் பொருளானது?

வெளியாள் வாங்குவதற்கு முன்பே இந்த வடிவங்கள் இருந்தன. பாறையில், சடங்குக்கு நிற்பவரின் உடலில், இறந்தவரின் எலும்பை வைக்கும் மரப்பேழையில், மழைக்குடிசையின் உட்சுவரில்.

1912-ல் பால்ட்வின் ஸ்பென்சர் என்ற மானுடவியலாளர் மேற்கு ஆர்னெம் லேண்டில் உள்ள ஓயன்பெல்லிக்குப் போனார். குடிசைச் சுவர்களில் பார்த்ததைப்போலத் தனக்குப் பட்டையில் வரைந்து தரச் சொல்லிப் புகையிலை கொடுத்து வாங்கினார். அந்தத் தொகுப்பு இப்போது மெல்போர்னில், மியூசியம்ஸ் விக்டோரியாவிடம் இருக்கிறது. பிறகு வந்த கிறிஸ்தவ மிஷன்கள், குறிப்பாக 1935-ல் யிர்கலாவில் தொடங்கிய மிஷன், பட்டைகளை வாங்கி நகரங்களுக்கு அனுப்பி விற்றன. 1948-ல் ஆஸ்திரேலிய-அமெரிக்கக் கூட்டு ஆய்வுப் பயணம் ஒன்று நூற்றுக்கணக்கில் சேகரித்தது.

ஆரம்பத்தில் இவற்றை மானுடவியல் சான்றாகத்தான் பார்த்தார்கள். கலை என்று ஏற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆனது. 2013-ல் கான்பெராவில் உள்ள தேசிய அருங்காட்சியகம் 40 கலைஞர்களின் 122 பட்டைகளை வைத்துக் கண்காட்சி நடத்தியது. வைத்த பெயர் 'ஓல்ட் மாஸ்டர்ஸ்'. ஐரோப்பாவின் பெரும் ஓவியர்களுக்குச் சொல்லும் அதே பட்டம்.

அந்தப் பழைய மனநிலையின் தடம் இன்றைய ஏலப் பட்டியலிலும் தெரியும். 'கலைஞர் பெயர் தெரியவில்லை' என்ற வரியை அடிக்கடி பார்ப்பீர்கள். வரைந்தவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. வாங்கியவர் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு வரியின் விலை என்ன என்பதைக் கீழே, பணக் கணக்கில் பார்க்கலாம்.

கோடுகளில் என்ன இருக்கிறது?

கிழக்கு ஆர்னெம் லேண்டில் வாழும் யோல்ங்கு மக்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய உலகம் துவா, யிரிட்ஜா என்று இரண்டு பாதிகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு பாதியிலும் பல குலங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் சொந்தமான நிலம், நீர்நிலை, பாட்டு, நடனம், கூடவே சொந்தமான வடிவங்கள். ஒரு குலத்தின் வைரக்கட்டம் இன்னொரு குலத்தின் வைரக்கட்டத்தைப்போலத் தோன்றலாம். ஆனால் அளவும் அமைப்பும் வேறு, தெரிந்தவர்களுக்கு உடனே தெரியும்.

பிடித்திருக்கிறது என்பதற்காக யாரும் எதையும் வரைந்துவிட முடியாது. பிறப்பு வழியாக, தாய்வழி உறவு வழியாக, பெரியவர்களின் அனுமதி வழியாக அந்த உரிமை வரவேண்டும். ஏனென்றால் அந்த வடிவம் ஓர் இடத்தையும், அந்த இடத்தை உருவாக்கிய முன்னோரையும் குறிக்கிறது. நம்ம மொழியில் சொன்னால், இது கிட்டத்தட்ட பட்டா மாதிரி. இந்த நிலம் யாருடையது என்று சொல்லும் ஆவணம்.

இது வெறும் உவமை இல்லை. 1963-ல் யிர்கலா பகுதியில் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலத்தை பாக்சைட் சுரங்கத்துக்காக அரசு பிரித்துக் கொடுத்தது. அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்கவில்லை. யோல்ங்கு தலைவர்கள் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனுவை டைப் செய்து, மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் குல வடிவங்களை வரைந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நிலம் எங்களுடையது, ஆவணம் இதோ என்பதுதான் அதன் பொருள். விசாரணைக் குழு அமைந்தது, சுரங்கம் நிற்கவில்லை. 1971-ல் வழக்கிலும் தோற்றார்கள். ஆனால் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1976-ல் நார்தர்ன் டெரிட்டரிக்கு நில உரிமைச் சட்டம் வந்தது. அந்த மனுக்கள் இப்போது கான்பெரா நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கின்றன. அதே கோவ் தீபகற்ப நிலம் தொடர்பான வழக்கில், மத்திய அரசு இழப்பீடு தரக் கடமைப்பட்டது என்ற நிலைப்பாட்டை 2025 மார்ச்சில் நாட்டின் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. (ஆஸ்திரேலியாவில் அதுதான் உச்ச அமைப்பு.)

கடலுக்கும் இதே கதை உண்டு. 1996-ல் தங்கள் புனித இடம் ஒன்றில் சட்டவிரோத மீன்பிடி முகாமையும், வெட்டிப்போட்ட முதலைத் தலையையும் யோல்ங்கு மக்கள் கண்டார்கள். அவர்கள் கொடுத்த பதில் 80 மரப்பட்டை ஓவியங்கள். எந்தக் கடல் எந்தக் குலத்துடையது என்பதைச் சொல்லும் தொகுப்பு. 2008-ல் ப்ளூ மட் பே வழக்கில், அலை ஏறி இறங்கும் கரைப்பகுதி நில உரிமையில் அடங்கும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்த முறை கேட்லாக்கில் 'வடிவியல் கோலம்' என்று மட்டும் ஒரு விளக்கம் போட்டிருந்தால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியவர் அதை டி-ஷர்ட்டில் போடலாமா?

கூடாது. இது வலியோடு கற்ற பாடம்.

1966 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியது. புதிய ஒரு டாலர் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு மரப்பட்டை ஓவியத்தின் வடிவம் இருந்தது. வரைந்தவர் டேவிட் மலாங்கி. பெரும் வேட்டைக்கார முன்னோர் ஒருவரின் இறுதிச் சடங்கைச் சொல்லும் ஓவியம் அது. யாரும் அவரிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. விஷயம் வெளியே வந்த பிறகு ரிசர்வ் வங்கி அவருக்குக் கொடுத்தது 1,000 டாலர், ஒரு பதக்கம், ஒரு மீன்பிடிக் கருவிப் பெட்டி. நாட்டின் ஒவ்வொரு பர்ஸிலும் போன வடிவத்துக்கு!

1970-களில் யோல்ங்கு கலைஞர் வாண்ட்ஜுக் மாரிக்கா தன் குலத்தின் புனித வடிவத்தைப் பாத்திரம் துடைக்கும் துணியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தார். அந்த அதிர்ச்சியில் சில காலம் வரைவதையே நிறுத்தினார். 1994-ல் கம்பளங்கள் மீதான வழக்கு வந்தது. கலைஞர்களின் ஓவியங்களை வியட்நாமில் கம்பளமாக நெய்து ஆஸ்திரேலியாவில் விற்றிருந்தார்கள். மேலே வரைந்தது மிதிபடாத இடத்தில் இருக்க வேண்டிய வடிவம். கீழே விற்றது காலடியில் போடும் பொருள். ஃபெடரல் கோர்ட் 1,88,000 டாலர் இழப்பீடு விதித்தது. நஷ்டத்தோடு பண்பாட்டு ரீதியான பாதிப்பையும் கணக்கில் எடுத்தது.

1998-ல் ஜான் புலுன் புலுன் வழக்கு இன்னும் ஆழமாகப் போனது. அவருடைய மரப்பட்டை ஓவியத்தின் வடிவம் இறக்குமதித் துணியில் அச்சாகியிருந்தது. காப்பிரைட் கலைஞருக்கு, சரி. ஆனால் வடிவம் கானல்பிங்கு மக்களுடையதாச்சே, அவர்களுக்கு என்ன உரிமை? குலம் காப்பிரைட்டின் உரிமையாளர் ஆகாது என்றது நீதிமன்றம். அதே சமயம், குலத்தின் நலனைக் காக்கும் நம்பிக்கைக் கடமை கலைஞருக்கு உண்டு என்றும் சொன்னது.

சட்டத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. காப்பிரைட் தனிமனிதரைப் பார்க்கிறது. அவர் இறந்து 70 ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. குல வடிவமோ ஒருவருடையதும் இல்லை, அதற்குக் காலாவதியும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பத் தனிச்சட்டம் கொண்டுவருவதாக ஆஸ்திரேலிய அரசு 2023 ஜனவரியில் தன் பண்பாட்டுக் கொள்கையில் அறிவித்தது.

சுத்தியல் விழுந்த பிறகு காசு யாருக்கு?

2010 ஜூன் 9 முதல் அங்கே மறுவிற்பனை ராயல்டி சட்டம் அமலில் இருக்கிறது. கலைப்படைப்பு 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் மறுபடி விற்கப்பட்டால், விலையில் 5% கலைஞருக்கு. அவர் இறந்திருந்தால் 70 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கு. இது பூர்வகுடிக் கலைஞர்களுக்கு மட்டுமான சட்டம் இல்லை. ஆனால் ராயல்டி பெற்ற கலைஞர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அவர்கள்தான்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு பட்டை 20,000 ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போகிறது. வாங்குபவர் மேல் 25%, விற்பவர் மேல் 10% கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். (நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்.)

- வாங்குபவரின் கமிஷன்: 5,000 டாலர்
- விற்பவரின் கமிஷன்: 2,000 டாலர்
- ஏல நிறுவனத்துக்கு மொத்தம்: 7,000 டாலர்
- கலைஞருக்கு அல்லது குடும்பத்துக்கு: 1,000 டாலர், அதிலும் வசூலிக்கும் அமைப்பின் நிர்வாகக் கட்டணம் போக

அதாவது வரைந்தவர் பக்கம் ஒரு ரூபாய் போனால், விற்றுக்கொடுத்தவர் பக்கம் ஏழு ரூபாய். இந்த ஒரு ரூபாயும் எல்லா விற்பனையிலும் கிடைக்காது. விதிவிலக்குகளைப் பாருங்கள்:

- சட்டம் வருவதற்கு முன்பே வாங்கிவைத்த பட்டை, அதன் பிறகு முதல் முறை கைமாறும்போது ராயல்டி இல்லை. 1965-ல் வாங்கிய குடும்பம் 2015-ல் விற்றால் கலைஞர் பக்கம் பூஜ்யம். அதற்கடுத்த விற்பனையிலிருந்துதான் கணக்கு.
- கேலரி, ஏல நிறுவனம் போன்ற கலைச் சந்தைத் தொழில்முறையினர் யாரும் இல்லாமல் இரண்டு தனிநபர்கள் நேரடியாக விற்று வாங்கினால் இல்லை.
- 'கலைஞர் பெயர் தெரியவில்லை' என்றால் யாருக்கு அனுப்புவது? ஒருவருக்கும் இல்லை. ஸ்பென்சர் காலத்துப் பழக்கம் இன்றைக்கும் குடும்பங்களுக்குச் செலவு வைக்கிறது.

இந்தத் தொகைகள் சின்னதாகத் தோன்றலாம். புரொடக்டிவிட்டி கமிஷன் என்ற அரசு ஆய்வு அமைப்பு 2022-ல் வெளியிட்ட அறிக்கை, 2019-20-ல் பூர்வகுடிக் கலை மற்றும் கைவினைப் பொருள்களின் மொத்த விற்பனையைச் சுமார் 25 கோடி டாலராக மதிப்பிட்டது. அதே ஆண்டு சமூகக் கலை மையங்கள் வழியாக விற்ற ஒரு கலைஞரின் சராசரி வருமானம் சுமார் 2,700 டாலர்தான். அந்த வருமானத்தில் 1,000 டாலர் எவ்வளவு பெரிது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் இப்படி இல்லையா என்று கேட்டால், காகிதத்தில் இருக்கிறது. 1957 காப்பிரைட் சட்டத்தின் 53ஏ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் ஓவியத்தில் கலைஞருக்கு 10% வரை பங்கு தரலாம் என்கிறது. ஆனால் விகிதத்தை ஆஸ்திரேலியாபோல முன்கூட்டியே நிர்ணயிக்கவில்லை. ஏலம் முடிந்ததும் வசூலித்துக் கலைஞரிடம் சேர்க்கும் ஏற்பாடும் நம்மிடம் வேரூன்றவில்லை.

எல்லாப் பட்டையையும் விற்கலாமா, வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாமா?

விற்பனைக்கென்று கலைஞர் வரைந்தது வேறு. சடங்குக்கு உரியது வேறு. குறிப்பிட்ட சிலர் மட்டுமே பார்க்கலாம் என்ற பொருள்கள் உண்டு. 1986-ன் அசையும் பண்பாட்டுப் பாரம்பரியச் சட்டம், இரகசியப் புனிதச் சடங்குப் பொருள்களையும், அடக்கத்துக்குப் பயன்பட்ட பட்டை மற்றும் மரப்பேழைகளையும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை விதிக்கிறது. வேறு பல படைப்புகளுக்கு வயதையும் மதிப்பையும் பொறுத்து ஏற்றுமதி அனுமதி தேவைப்படும்.

ஏற்கெனவே வெளியே போனவற்றைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் உதாரணம்: விக்டோரியா மாநிலத்தின் ஜா ஜா வுரங் மக்களுடைய, 1850-களைச் சேர்ந்த கீறல் பட்டைகள். 2004-ல் லண்டனிலிருந்து கடனாக மெல்போர்ன் கண்காட்சிக்கு வந்தபோது, அவற்றைத் திருப்பி அனுப்பவிடாமல் அந்த மக்கள் சட்டப்படி அவசரத் தடை வாங்கினார்கள். வழக்கு அவர்களுக்கு எதிராகப் போனது. பட்டைகள் லண்டனுக்கே திரும்பின. 2013-ல் கடனாக வரும் பொருள்களுக்குப் பாதுகாப்பு தரும் சட்டமும் வந்துவிட்டது.

ஏலம் கேட்கும் முன் ஐந்து கேள்விகள்

1. கலைஞரின் பெயரும் குலமும் இருக்கிறதா? இருந்தால் ராயல்டி எங்கே போக வேண்டும் என்பது தெரியும்.

2. கைமாறிய வரலாறு தொடர்ச்சியாக இருக்கிறதா? பட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மிஷன் அல்லது கலை மையத்தின் லேபிள், எண், கையால் எழுதிய கதைக் குறிப்பு அங்கேதான் இருக்கும். யிர்கலாவின் புக்கு-லார்ங்கை முல்கா, மானிங்கிரிடா, குன்பலான்யாவின் இன்ஜலாக் ஆகியவை கலைஞர்களோடு நேரடியாக இயங்கும் மையங்கள்.

3. நிலை எப்படி? வண்ணம் உதிர்கிறதா, பிறகு யாராவது பூசித் திருத்தியிருக்கிறார்களா? வாங்கிய பிறகு நேரடி வெயிலும் ஈரப்பத ஏற்ற இறக்கமும் ஆகாது. ஈரத் துணியால் துடைத்தால் காவி அப்படியே துணியோடு வந்துவிடும். சென்னை மாதிரி ஊரில் இதை யோசிக்காமல் வாங்காதீர்கள்.

4. இந்த விற்பனைக்கு ராயல்டி உண்டா? இல்லையென்றால், ஏன் இல்லை?

5. இதைப் புதிதாக ஒரு கலைஞரிடமிருந்தே வாங்க முடியுமா? ஏலம் என்பது இரண்டாம் கைச் சந்தை. கலை மையத்தில் வாங்கினால் விலையில் பெரும் பங்கு வரைந்தவருக்கே போகும். பழைய பட்டையே வேண்டும் என்றில்லாவிட்டால், இதுதான் நேரான வழி.

வாங்கிச் சுவரில் மாட்டிய பிறகும் ஒன்று மட்டும் மாறாது. பட்டை உங்களுடையது. அந்தக் கொடுவா மீனும், அது நீந்தும் ஆறும், அதை வரையும் உரிமையும் இன்னும் ஆர்னெம் லேண்டில் ஒரு குலத்திடம்தான் இருக்கின்றன. அங்கே யாரோ ஒரு பெரியவர், இந்த மழைக்காலத்திலும், அடுத்த தலைமுறைக்கு அதை வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்கு உங்களிடம் ரசீது கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.